துறப்பணமும் பற்றறியும்

கிணற்றடிக்குச் செல்லும் வழிச்சுவரில் இரண்டு கைபிடிகள் பொருத்தவேண்டும். அவற்றுக்குப் பன்னிரண்டு துளைகள் இடவேண்டும். காரியம் இவ்வளவுதான். என் தாயாருக்கு வயது எண்பத்துநான்கு. சென்ற மாரியில் அவ்வழியில் வழுக்கி விழுந்தார். நல்லகாலம், எலும்பு முறியவில்லை. அன்றுமுதல் நானோ என் மனைவியோ கைபிடித்து அழைத்துச் செல்கின்றோம். அவர் மறுத்து ஒன்றும் கூறுவதில்லை. ஆயினும், வீட்டார் விழிக்குமுன் எழுந்து தனியே கிணற்றடிக்குச் சென்று பழகியவர், இப்பொழுது எங்கள் அறைக்கதவு திறக்கும்வரை கட்டிலில் அமர்ந்து காத்திருக்கின்றார். ஒரு விடியற்காலையில் அக்காட்சியைக் கண்டபின் என்னால் வாளாவிருக்க முடியவில்லை.

என் சிறுவயதில் வீட்டுக்கு வரும் தச்சர், வில்லும் கயிறும் கொண்டு சுழற்றும் துறப்பணத்தால் பனஞ்சலாகையையும் துளைப்பார். மரத்துக்கு அது போதும்; கற்சுவருக்கு மின்சாரத் துறப்பணமே வேண்டும். கம்பியுடன் கூடியது விலை குறைவு, களைப்பதும் இல்லை. ஆனால் எங்கள் கிணற்றடியில் மின்செருகி இல்லை. ஈரநிலத்தின்மேல் நீண்ட மின்கம்பியை இழுத்துச் செல்வது ஆபத்து. ஆகவே பற்றறியில் இயங்குவதையே வாங்கத் துணிந்தேன்.

செய்தியறிந்த என் மருமகன் ரொறன்ரோவிலிருந்து பேசினான். “மாமா, வரேக்கை நான் கொண்டு வாறன்” என்றான். அன்பான வார்த்தைதான். ஆனால் கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று. நம் நாட்டில் 230. அங்கே விற்கும் மின்னேற்றிகளுட் பல அந்த 120 வோல்ற்றுக்கென்றே செய்யப்பட்டவை. இங்கே செருகினால் கருகிவிடும். ஒரு நிறுவனத்தின் பற்றறி மற்றொன்றின் கருவியிலும் பெரும்பாலும் பொருந்தாது. இவற்றை எடுத்துக் கூறி, யாழ்ப்பாண நகரத்து இரும்புக்கடையொன்றுக்குச் சென்றேன்.

அங்கே ஒரு பெட்டியில் 18 வோல்ற்று என்றும், மற்றொன்றில் 20 வோல்ற்று என்றும் எழுதியிருந்தது. இரண்டும் ஒன்றே என்றார் கடைக்காரர். உள்ளே ஐந்து லிதியம் கலங்கள். வேலை செய்யும்போது ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.6 வோல்ற்று தரும். முழுதாக மின்னேற்றியவுடன் நான்கு அளவில் இருக்கும். கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரி. சுவருக்குச் சுழற்சி மட்டும் போதாது; சுழலும்போதே சம்மட்டிபோல் தட்டும் வகையும், நுனியிற் கடின உலோகம் பதித்த ஊசியும் வேண்டும் என்பதையும் அவரே விளக்கினார்.

“பன்னிரண்டு துளைக்கு ஒரு பற்றறி காணும், ஐயா” என்றார்.

“இரண்டு தாரும்” என்றேன்.

அவர் சிரித்தார். இளைஞர், 1990க்குப் பின் பிறந்தவராக இருக்கவேண்டும்.

அந்த ஆண்டு யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. தடைசெய்யப்பட்ட பொருள்களுள் பற்றறியும் ஒன்று. ஜாம் போத்தல் விளக்கில் நான் படித்தேன். மாலையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றுவேன். டைனமோவின் மின்னை ஒரு டயோட்டு ஒருதிசைப்படுத்த, வானொலி பேசும். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். சைக்கிள் இல்லாத வேளையில் அம்மா பழைய உலர்கலங்களை வெயிலிற் காயவைத்து எடுத்துத் தருவார். சூடேறிய கலம் எஞ்சியிருந்த சிறிது வலுவையும் தரும். அவ்வாறு வளர்ந்தவன் ஒன்றுடன் எங்ஙனம் அமைவான்?

ஞாயிறன்று வேலையைத் தொடங்கினேன். புதிய பற்றறி அரைகுறை மின்னேற்றத்துடனேயே வரும் என்பதை மறந்து, அப்படியே பூட்டினேன். ஐந்தாம் துளையில் அது நின்றது. மற்றதைப் பூட்டி வேலையை முடித்துவிட்டுத் திரும்பினால், முக்காலியில் வைத்திருந்த முதற் பற்றறியைக் காணவில்லை. தேடினேன். கிணற்றுக்கட்டின்மேல், உச்சிவெயிலில், ஓலைத்துண்டின்மீது பக்குவமாக வைக்கப்பட்டிருந்தது!

“அம்மா! இதை வெயிலிலை வைக்கப்படாது. சூடேறினால் பழுதாப்போம், நெருப்பும் பிடிக்கும்!” என்று கத்திவிட்டேன்.

அவர் திகைத்துப் பார்த்தார். “எனக்கென்ன தெரியும், மோனை? அந்த நாளையிலை வெயிலிலை வைச்சுத்தானே செய்தி கேட்டனாங்கள்” என்றார்.

எனக்கு நாக்கூசியது. கடைக்காரர் ஒன்று போதுமென்றபோது இரண்டு கேட்ட என் அச்சமும், ஓய்ந்த பற்றறியை வெயிலுக்கு எடுத்துச் சென்ற அவர் கையும் ஒரே காலத்திற் கற்ற பாடத்தையன்றோ பின்பற்றின? என் செயலை முன்யோசனை என்றேன். அவர் செயலை அறியாமை என்று கடிந்தேன். அருகில் அமர்ந்து, பற்றறியை நிழலில் ஆறவைத்தபின் வீட்டுக்குள் மின்னேற்றவேண்டும் என்று மெல்ல விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் விடியற்காலையில் விழித்தபோது கட்டில் வெறுமையாயிருந்தது. கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டது. ஓடிச்செல்ல எழுந்தவன், வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒரு கையாற் கைபிடியைப் பற்றியபடி, ஆறுதலாக அம்மா திரும்பி வந்துகொண்டிருந்தார்.

“அந்தப் பற்றறியை நிழலிலையோ வைச்சனி?” என்றார்.

“ஓம் அம்மா” என்றேன்.