புட்டி கொடுத்தவர் யார்?

இத்தாலி தேசத்தில் ஒரு புட்டியைப் பற்றிய வழக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறது. புட்டி என்றதும் நேயர்கள் வேறு விதமாக நினைத்துவிட வேண்டாம். வெறும் தண்ணீர்ப் புட்டிதான். அந்த வழக்குக்கு நீதிபதியும் கிடையாது, வக்கீலும் கிடையாது. இருக்கும் சாட்சியம் ஒரே ஒரு புகைப்படம்.

1952-ஆம் ஆண்டு ஜூலை மாதம், டூர் டி பிரான்ஸ் என்னும் பிரசித்தி பெற்ற சைக்கிள் பந்தயத்தின்போது கார்லோ மார்த்தினி என்பவர் எடுத்தது அது. ஆல்ப்ஸ் மலையில் கலிபியே என்றொரு கணவாய். நம் தொட்டபெட்டா உச்சிக்கு ஏறக்குறையச் சமமான உயரம். அதன் ஏற்றத்தில் இரண்டு வீரர்கள் மிதித்துக் கொண்டு போகிறார்கள். முன்னால் போகிறவர் ஃபௌஸ்தோ கோப்பி. பின்னால் வருகிறவர் ஜீனோ பர்த்தாலி. முன்னவர் கை பின்னோக்கி நீண்டிருக்கிறது. பின்னவர் கை முன்னோக்கி நீண்டிருக்கிறது. நடுவில் புட்டி. இதில் கொடுப்பவர் யார், வாங்குபவர் யார்?

இதற்குப் போய் ஒரு வழக்கா என்று கேட்கலாம். அவ்விருவரும் எப்படிப்பட்ட விரோதிகள் என்று தெரிந்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது. பர்த்தாலி மூத்தவர், மகா பக்திமான், 1938-லும், இடையில் ஒரு யுத்தம் வந்து போன பிறகு 1948-லும் அந்தப் பந்தயத்தில் வென்றவர். 1940-ல், அவருடைய கோஷ்டியில் உதவியாளாக வந்து சேர்ந்த இருபது வயதுப் பையனாகிய கோப்பி, இத்தாலியப் பந்தயத்தில் தாமே முதல்வராக வந்துவிட்டார். அன்று பிடித்தது சனி. 1948-ல் ஹாலந்து தேசத்தில் நடந்த உலகப் போட்டியில் இருவரும் ஒருவரையொருவர் கண்காணிப்பதிலேயே பொழுதைப் போக்கி, கடைசியில் பந்தயத்தையே விட்டு இறங்கிவிட்டார்கள். இத்தாலியச் சங்கம் இருவருக்கும் தடை விதித்தது. தேசமோ இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. இரண்டு சினிமா நட்சத்திரங்களுக்காகத் தெருவில் சண்டை போட்ட நம் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவேதான் அந்தத் தண்ணீருக்கு இவ்வளவு மதிப்பு. கொடுத்தவர் பெரியவர், வாங்கியவர் கடன்பட்டவர். தாமே கொடுத்ததாகப் பர்த்தாலி கடைசி வரையில் சாதித்தார். கோப்பியோ ஆப்பிரிக்காவுக்குப் போன இடத்தில் மலேரியா கண்டு, வைத்தியர்கள் அதை இன்னதென்று அறியாத நிலையில், 1960 ஜனவரி 2-ஆம் தேதி நாற்பது வயதில் காலமானார். பர்த்தாலி இருந்தது 2000 வரையில். நாற்பது வருஷம் ஒரு கட்சிக்காரர் மட்டுமே உயிரோடிருந்த வழக்கு! படம் பிடிக்கிறவர்கள் ஏற்பாடு செய்து எடுத்ததுதான் அது என்று மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு.

அச்சங்குளத்தில் நம்மிடம் படிக்கும் பதினோராம் வகுப்புப் பையன்களிடம் இந்தப் படத்தைக் காட்டினோம். சர்க்கார் கொடுத்த சைக்கிள்கள் அவர்களிடம் இருக்கின்றன. தண்ணீர்ப் புட்டிக்கும் பஞ்சமில்லை. மாலையில் கண்மாய்க்கரைப் பாதையில் ஒரு பரீட்சை நடந்தது. இருவர் சைக்கிளில் போவது, முன்னவன் பின்னவனுக்குக் கொடுப்பது. பிறகு பின்னவன் முன்னவனுக்குக் கொடுப்பது. ஒருவன் கைப்பேசியில் படம் பிடித்தான். இருபது படங்களுக்குக் குறையாமல் எடுத்தார்கள். எது எந்தத் தடவை எடுத்தது என்று எடுத்தவனுக்கே சொல்லத் தெரியவில்லை! புட்டி இரண்டு கைகளிலும் இருக்கும் கணத்தில் கொடுப்பதும் வாங்குவதும் ஒன்று போலவே இருக்கின்றன. ஒரு விஷயம் மாத்திரம் பையன்களே கண்டு சொன்னார்கள்: முன்னால் போகிறவனுக்குத்தான் சங்கடம். திரும்பிப் பார்த்தால் சைக்கிள் சாய்கிறது. பாராமல் கையை நீட்டுவதென்றால், பின்னால் வருகிறவனை நம்பித்தான் ஆக வேண்டும்.

அதே 1952 பந்தயத்தில் கோப்பியின் சக்கரம் பஞ்சரானபோது பர்த்தாலி தம் சக்கரத்தையே கழற்றிக் கொடுத்தார். ஒரு வாய்த் தண்ணீரைக் காட்டிலும் அது எவ்வளவோ பெரிய தானமல்லவா? அதைப் பற்றி யாரும் இப்படி வழக்காடக் காணோம்.

நம் பக்கத்து வீட்டுக்காரர் சிவகாசியில் ஆப்செட் அச்சகம் ஒன்றில் முப்பது வருஷமாக வேலை பார்க்கிறவர். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டப்போய் அச்சுத் தொழில் வளர்ந்த ஊர் அது. காலண்டர்களில் நாம் பார்க்கும் தெய்வங்களும் தலைவர்களும் அவர் கையால் வெட்டப்பட்டும் ஒட்டப்பட்டும் வந்தவர்கள். படத்தைக் காட்டியதும் அவர் புட்டியைப் பார்க்கவேயில்லை.

"சார், ஓரத்தைப் பாருங்க. இதை வெட்டியிருக்காங்க. இன்னும் யாரோ இருக்கணும்" என்றார்.

இருந்தார்! அசல் படத்தில் பர்த்தாலிக்குப் பின்னால் மூன்றாவது வீரர் ஒருவர் வருகிறார். அவர் பெல்ஜியம் தேசத்து ஸ்டான் ஓக்கர்ஸ். பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவர் அவர்தான்; கோப்பிக்கும் அவருக்கும் 28 நிமிஷம் 17 விநாடி வித்தியாசம். பர்த்தாலிக்குக் கிடைத்தது நாலாவது இடம். இத்தாலியரின் சொந்த விவகாரத்தில் அந்நியர் எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ, பிரபலமான பிரதிகளில் அவரை வெட்டிவிட்டார்கள். புட்டி எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போயிற்று என்று பத்தடி தூரத்திலிருந்து பார்த்த ஆசாமி! 1955-ல் உலக வீரர் பட்டம் பெற்ற அவர், மறு வருஷமே ஆன்ட்வெர்ப் நகரப் பந்தயத் தடத்தில் விழுந்து அடிபட்டு, முப்பத்தாறாவது வயதில் இறந்தார்.

ஓரத்தில் நிற்கிறவரை வெட்டுவது தங்களுக்கு நித்தியப்படி வேலை என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவரைக் கோபித்துப் பயனில்லை. வெட்டச் சொல்கிறவர்கள் வேறு யாரோ. நம் வீட்டிலும் அப்படி ஒரு சங்கதி உண்டு. நம் தகப்பனாரின் தங்கை பதினெட்டு வயதில் விஷஜுரத்தில் போய்விட்டார். அவர் இருந்த படம் ஒன்றே ஒன்று: பாட்டனாரும் பாட்டியும் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, பாட்டிக்குப் பக்கத்தில் அத்தை நின்று எடுத்தது. பாட்டனார் காலமானதும், பெரிதாக்கிச் சட்டம் போட அந்தப் படத்தைப் பட்டணத்து ஸ்டூடியோ ஒன்றில் கொடுத்தார்கள். தம்பதிகள் மட்டுமாக அழகாய் வந்தது. அசல் திரும்பி வரவேயில்லை.

அத்தைக்கு மூக்குத்தி இருந்ததா இல்லையா என்று தகப்பனாருக்கும் பெரியப்பாவுக்கும் இன்றைக்கும் வாக்குவாதம். இருந்தது, சிவப்புக்கல் என்கிறார் ஒருவர். மூக்கே குத்தவில்லை என்கிறார் மற்றவர். பாட்டி இருந்தவரையில் அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாள் என்று பயம்.

பையன்களின் பரீட்சைக்குப் பிறகு ஒரு நாள் கூடத்துப் படத்தை இறக்கித் துடைத்து, ஓரங்களை மட்டும் பார்த்தோம். பாட்டியின் நாற்காலிக் கைப்பிடி மேல், சட்டத்தை ஒட்டி, நான்கு விரல்கள் இருக்கின்றன. அவை பாட்டியின் விரல்கள் அல்ல. அவளுடைய இரண்டு கைகளும் மடியில் இருக்கின்றன.