ஜவளகிரி யாருடைய ஊர்?

ஹோசூரிலிருந்து தளிக்குப் போய், அதற்கும் அப்பால் கர்நாடக எல்லையை நெருங்கினால் ஜவளகிரி வருகிறது. கிருஷ்ணகிரி ஜில்லாவில் தேன்கனிக்கோட்டை தாலுகாவைச் சேர்ந்த ஊர். பீடபூமியின் மேல் இருப்பதால் சித்திரை வெயிலிலும் இங்கே காற்றில் ஒரு குளுமை உண்டு. பக்கத்துத் தளிக்குச் 'சின்ன இங்கிலாந்து' என்றே ஒரு பெயர் வழங்குகிறது. எங்கே பார்த்தாலும் ராகிக் கொல்லைகள். அவற்றுக்குப் பின்னால் காடு.

ஐப்பசி, கார்த்திகையில் ராகிக் கதிர் முற்றும் சமயம் பார்த்துப் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரிக் காட்டுக்குள் வந்து சேருகின்றன. பிறகு தளி, சானமாவு என்று காடு காடாக நடந்து, சில கூட்டங்கள் ஆந்திர எல்லை வரையில் போய்த் திரும்புகின்றன. குடியானவர்கள் இரவெல்லாம் கண் விழித்துப் பட்டாசு கொளுத்தி அவற்றை விரட்டுகிறார்கள். யானை எந்த ராஜ்யத்தைச் சேர்ந்தது என்று யாரும் விவாதிப்பதில்லை. மனிதர்களைப் பற்றித்தான் விவாதம் வந்தது.

இந்தப் பிராந்தியத்தில் ஒருவரைப் பார்த்து, "உங்கள் பாஷை என்ன?" என்று கேட்டால் போதாது. வீட்டில் என்ன, சந்தையில் என்ன, கச்சேரியில் என்ன என்று மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் சந்தையில் கன்னடத்தில் பேரம் பேசுவார். தாலுகா கச்சேரியில் தமிழில் மனுக் கொடுப்பார். மூன்றையும் பேசுவதை அவர் ஒரு சாமர்த்தியமாக நினைப்பதே இல்லை.

ஊர்ப் பெயர்களை வைத்துத் தீர்மானிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. ஹோசூர் என்பது கன்னடத்தில் 'புது ஊர்'. அந்த ஊருக்கே பழைய சாசனங்களில் செவிடபாடி என்ற பெயர் உண்டு. உத்தனப்பள்ளியில் தெலுங்கின் சாயல் இருக்கிறது. தேன்கனிக்கோட்டையில் தமிழ் மணக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹொய்சள அரசன் வீர ராமநாதன் ஹோசூருக்கு அருகில் உள்ள குந்தாணியில் இருந்து ஆண்டான். கன்னட ராஜவம்சத்தில் பிறந்தவன். அவன் காலத்துச் சாசனங்களோ ஏராளமாகத் தமிழில் இருக்கின்றன. அவனை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது?

எல்லைக் கோடும் பாஷையைப் பார்த்துப் போட்ட கோடு அல்ல. 1792-ல் திப்பு சுல்தான் தோற்றபோது பாராமகால் கும்பினியார் கைக்கு வந்தது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு, மலைமேல் உள்ள ஹோசூர்ப் பகுதியும் சேலம் ஜில்லாவோடு சேர்ந்தது. யுத்தத்தில் வென்றவர்கள் தங்கள் வசதிக்குப் போட்ட கோடு அது. அதற்கு அந்தப் பக்கம் மைசூர், இந்தப் பக்கம் சென்னை என்று ஆயிற்று. சம்பந்தம் பண்ணிக்கொண்ட குடும்பங்கள் இரண்டு பக்கத்திலும் இருந்தன.

1953-ல் ஆந்திர ராஜ்யம் பிறந்தது. அதே வருஷம் டிசம்பரில் பஸல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவரைக் கொண்ட ராஜ்யங்கள் சீரமைப்புக் கமிஷன் ஏற்பட்டது. ஹோசூர் தங்களுடையது என்று கன்னடத் தரப்பார் வாதாடினார்கள். தெலுங்கர்களுக்கும் உரிமை கொண்டாட ஆட்கள் இருந்தார்கள். இருவர் கூறியதிலும் நியாயத்துக்கு இடம் இருந்தது; தாலுகாவில் அந்த இரண்டு பாஷைக்காரர்களும் அவ்வளவு ஏராளம். கடைசியில், 1956 நவம்பர் 1-ஆம் தேதி புது எல்லைகள் அமலுக்கு வந்தபோது ஹோசூர் சென்னை ராஜ்யத்திலேயே நின்றது. மேடைப் பேச்சு இருந்தது, மனு இருந்தது, மனஸ்தாபமும் இருந்தது. எல்லை மட்டும் காகிதத்தில் தீர்மானமாயிற்று.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் ஐரோப்பாவின் தென்கிழக்கு மூலையில் உள்ள மாஸிடோனியாவைப் பார்க்க வேண்டும். அங்கே துருக்கி சுல்தானின் ஆட்சியில் ஸ்லாவ் பாஷை பேசும் குடியானவர்கள் வசித்தார்கள். பல்கேரியர், ஸெர்பியர், கிரேக்கர் ஆகிய மூவரும் போட்டி போட்டுக்கொண்டு அங்கே பள்ளிக்கூடமும் மாதாகோயிலும் வைத்து, அந்த ஜனங்கள் தங்களவர்களே என்றார்கள். 1878 மார்ச்சில் ஸான் ஸ்டெபானோ உடன்படிக்கை மாஸிடோனியாவின் பெரும்பகுதியைப் பல்கேரியாவுக்குக் கொடுத்தது. ஜூலையில் பெர்லின் மகாநாடு அதைத் திருப்பி வாங்கிவிட்டது. 1912-லும் 1913-லும் இரண்டு யுத்தங்கள் நடந்தன. பிறகு அந்தத் தேசத்தை மூன்று துண்டாக்கிப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

1944-ல் யுகோஸ்லாவியாவுக்குள் மாஸிடோனியக் குடியரசு ஏற்பட்டது; அடுத்த வருஷமே அதன் பாஷைக்கு எழுத்து வகுத்தார்கள். பல்கேரியர்களோ, "அது எங்கள் பாஷையின் ஒரு கிளை" என்கிறார்கள். துருக்கியரை எதிர்த்துப் போராடி 1903-ல் உயிர் நீத்த கோட்ஸே டெல்செவ் என்ற வீரரை இரு நாட்டாரும் தங்கள் புருஷராகக் கொண்டாடுகிறார்கள். அவருடைய எலும்புகள்கூட 1946-ல் ஸோபியாவிலிருந்து ஸ்கோப்யேக்குப் பிரயாணம் செய்தன! 2020-ல் பல்கேரியா இந்தச் சரித்திர வழக்கைக் காட்டியே ஐரோப்பிய யூனியனில் சேருவதற்கான வட மாஸிடோனியாவின் பேச்சுவார்த்தையைத் தடுத்தது. பாட்டனார் யாராக இருந்தார் என்ற சண்டை பேரன் வீட்டு வாசலை அடைத்துவிட்டது.

நம்முடைய எல்லைப் புறத்திலும் பெரிய மனிதர்கள் பிறந்தார்கள். ஹோசூருக்கு அருகில் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்தவர் ராஜாஜி. ஹோசூரிலும் பெங்களூரிலும் படித்தவர். பாஷாவாரி ராஜ்யங்களை விரும்பாதவர். ஹோசூருக்கு வடக்கே, கோலார் ஜில்லாவின் மாலூர் தாலுகாவில் மாஸ்தி என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊரைச் சேர்ந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர். கன்னடச் சிறுகதையின் தந்தை என்று பெயர் பெற்று, 1983-ஆம் வருஷத்து ஞானபீடப் பரிசையும் அடைந்தார். இருவர் பிறந்த ஊர்களுக்கும் நடுவே ராஜ்ய எல்லை ஓடுகிறது. மாஸ்தியைத் திருப்பிக் கொடு என்று தமிழர்கள் கேட்டதில்லை; கன்னடியர்களும் அவருடைய வீட்டுப் பாஷையைக் குறையாகச் சொன்னதில்லை.

ஆகவே நமக்கு வழக்கே இல்லை என்று திருப்தி அடைந்துவிடலாமா? அதற்கில்லை. வழக்கு எல்லைக் கல்லை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குள் வந்திருக்கிறது. 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் எல்லாக் குழந்தைகளும் தமிழ் படிக்க வேண்டும். அது முதல் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறிப் பத்தாம் வகுப்பை அடைந்தபோது, ஹோசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துத் தெலுங்கு, கன்னடப் பள்ளிகளில் கவலை பிறந்தது. தமிழ் கற்பிக்கப் போதிய ஆசிரியர் இல்லாமல் பரீட்சை மட்டும் எப்படி என்று பெற்றோர்கள் கேட்டார்கள். நீதிமன்றத்துக்குப் போய்ச் சில வருஷங்களுக்கு விலக்கும் பெற்றார்கள்.

தமிழ்நாட்டில் வாழும் குழந்தை தமிழ் கற்க வேண்டியதுதான். தமிழ் தெரியாவிட்டால் நஷ்டம் அதற்கே. ஆனால் பாட்டி கதை சொல்லும் பாஷையில் எழுதப் படிக்கத் தெரியாமல் போனால் அதுவும் நஷ்டந்தான். பெங்களூரில் வசிக்கும் நம் தமிழ்க் குழந்தைகளுக்கு என்ன கேட்கிறோமோ, அதை ஜவளகிரிக் குழந்தைக்கும் கொடுக்க வேண்டியது நம் கடமை. நல்ல தமிழாசிரியர் ஒருவரும், வீட்டுப் பாஷைக்கு ஓர் ஆசிரியரும் அந்தப் பள்ளிக்கூடங்களில் இருந்தார்களானால், ஊர் யாருடையது என்ற கேள்விக்கு அந்தக் குழந்தைகளே வளர்ந்து பதில் சொல்லிக்கொள்வார்கள்.