மதிலுக்கு அப்பால் ஒரு மான்

நந்தனத்திலிருந்து அடையாற்றுப் பாலத்தைக் கடந்து தெற்கே வந்தால் கோட்டூர்புரம். இங்கே வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களுக்காக வருவார்கள். ஒன்று, 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் புத்தகம் படிப்பதற்கு. மற்றொன்று, பக்கத்திலேயுள்ள பிர்லா கோளரங்கத்தில் பட்டப்பகலில் நட்சத்திரம் பார்ப்பதற்கு. சென்ற ஞாயிற்றுக்கிழமை நாம் போனது இவ்விரண்டிற்குமல்ல. மான் பார்க்கப் போனோம். நம்மை அழைத்துச் சென்றவர் கோட்டூர்புரத்திலேயே நெடுநாளாகக் குடியிருக்கும் நண்பர். எழுபது வயது கடந்தவர். கூடவே அவருடைய பேத்தியும் வந்தாள். அவளுக்கு எட்டு வயது. கேள்விகள் கேட்பதில் எண்பது வயது.

பட்டணத்தின் நடுவில் மான் எப்படி வந்தது என்பதுதான் முதல் கேள்வி. நண்பர் பதில் சொன்னார்.

கிண்டியில் ஒரு தனியாருடைய மாளிகையும் அதைச் சுற்றிப் பெரிய காடும் இருந்தன. 1821-இல், சர் தாமஸ் மன்றோ கவர்னராயிருந்தபோது, சர்க்கார் அந்த மாளிகையை விலைக்கு வாங்கியது. கவர்னர்களுக்கு அது நகரத்துச் சந்தடியிலிருந்து தப்பி ஓய்வெடுக்கும் இடமாயிற்று. துரைமார் ஓய்வெடுத்த இடம் என்பதனாலேயே காடும் பிழைத்தது. சுதந்திரம் வந்த பிறகு அந்தக் காட்டை நாம் கொஞ்சங் கொஞ்சமாகப் பங்கு போட்டுக் கொண்டோம். 1956-இல் காந்தி மண்டபம் எழுந்தது, 1959-இல் ஐ.ஐ.டி. என்னும் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஒரு பெரும் பகுதி போயிற்று. பிறகு ராஜாஜிக்கும் காமராஜருக்கும் நினைவாலயங்கள் வந்தன. மிஞ்சியதில் சுமார் 270 ஹெக்டேர் 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று. புள்ளிமானும் வெளிமானும் அதற்குள்ளேதான் இருக்கின்றன. ஐ.ஐ.டி. வளாகத்தில் மான்கள் மாணவர்களுக்கு நடுவே மேய்வதும் உண்டு. தேர்வுக் கவலையில்லாத ஜீவன்கள் அங்கே அவை மட்டுந்தான்.

"தாத்தா, கவர்னர் மானைச் சுடுவாரா?" என்றாள் குழந்தை.

நண்பர் சட்டென்று பதில் சொல்லவில்லை. காந்தி மண்டபம் சாலையில் இருபது அடி நடந்த பிறகு, "கவர்னர் சங்கதி இருக்கட்டும். என் தகப்பனார் சுட்டிருக்கிறார்" என்றார்.

இத்தனை வருஷப் பழக்கத்தில் நமக்கு இந்த விஷயம் தெரியாது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம். அவருடைய தகப்பனார் ஒரு மலையடிவாரத்து ஊரில் உத்தியோகத்திலிருந்தார். துப்பாக்கி லைசென்ஸ் உண்டு. விடுமுறை நாளில் வேட்டைக்குப் போவது அக்காலத்தில் கௌரவமான பொழுதுபோக்கு. அவரிடம் ஒரு நியமமும் இருந்தது: குட்டியோடு வரும் பெண்மானை அவர் சுடமாட்டார். ஒரு நாள் சாயங்காலம் ஓடைக்கரையில் ஒரு பெண்மான் தன்னந்தனியாகத் தண்ணீர் குடிக்க வந்தது. நாலாபுறமும் பார்த்தார், குட்டி இல்லை. சுட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்து தோலை உரிக்கும்போது மடியிலிருந்து பால் வழிந்தது.

"அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா அரிக்கன் விளக்கை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடைக்குப் போனார். நானும் போனேன். நடுநிசி வரையில் புல்லை விலக்கி விலக்கித் தேடினோம். அகப்படவில்லை. மறுநாளும் தேடினோம். பிறகு அவர் துப்பாக்கியைத் தொடவில்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை" என்று நிறுத்தினார் நண்பர்.

குட்டி ஏன் அகப்படவில்லை என்பதை மான்களின் சுபாவம் அறிந்தவர்கள் எளிதில் சொல்லிவிடுவார்கள். புள்ளிமான் ஏறக்குறைய ஏழரை மாதம் சுமந்து, பெரும்பாலும் ஒரே குட்டிதான் ஈனும். வெளிமான் சுமப்பது ஆறு மாதம். பிறந்த புதிதில் குட்டியால் தாயோடு ஓட முடியாது. ஆகவே தாய் அதைப் புல்லிலோ புதரிலோ படுக்க வைத்துவிட்டுத் தூரத்தில் போய் மேயும். வேளைக்கு வந்து பாலூட்டிவிட்டு மறுபடியும் விலகிப் போய்விடும். பக்கத்திலேயே நின்றால் பகைக்கு இடத்தைக் காட்டிக் கொடுத்ததாகும். குட்டியோ, காலடிச் சத்தம் கேட்டால் கல்லைப்போல் கிடக்கும். தனியே கிடக்கும் மான்குட்டியைப் பார்த்து, 'ஐயோ, அநாதை!' என்று இரக்கப்பட்டு வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுகிறவர்கள் உண்டு. இரக்கம் மெய்தான்; ஆனாலும் தாய் திரும்பி வந்து வெறும் புல்லைத்தான் மோந்து பார்க்கிறது.

ஆகவே, தனியாக நிற்கும் பெண்மான்தான் மிக இளங்குட்டிக்குத் தாயாக இருக்கக்கூடியது. குட்டியோடு திரிவதன் குட்டி ஓரளவு வளர்ந்துவிட்டது. நண்பருடைய தகப்பனாரின் நியமம் நல்லெண்ணத்தில் பிறந்ததுதான். ஆனால் அது காப்பாற்ற வேண்டிய இடத்தில் காப்பாற்றவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நமது நாட்டுச் சட்டமும் அதே நியமத்தைத்தான் எழுதிவைத்தது. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலில் வேட்டை அடியோடு தடுக்கப்படவில்லை. சில மிருகங்களை லைசென்ஸ் பெற்று வேட்டையாடலாம். அதன் 15-ஆம் பிரிவு, விசேஷ அனுமதியில்லாமல் குட்டிகளையும், குட்டியுடன் கூடிய பெண் விலங்கையும் வேட்டையாடக் கூடாது என்றது. 'குட்டியுடன் கூடிய' என்ற இரண்டு வார்த்தைகளுக்கு வெளியே அந்த ஓடைக்கரை மான் நின்றுகொண்டிருந்தது! 1991-இல் சட்டத்தைத் திருத்தி, வேட்டை லைசென்ஸ் முறையையே எடுத்துவிட்டார்கள். 15-ஆம் பிரிவும் அதோடு போயிற்று. ஒரு மானையும் சுடக்கூடாது என்று ஆனபின், எந்த மானைச் சுடக்கூடாது என்று சொல்ல வேண்டியதில்லையல்லவா?

இதற்கு முந்திய சட்டங்களைப் பற்றி நமக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. நீலகிரியில் 1877-இல் வேட்டைப் பிரியர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள்; 1879-இல் சென்னை ராஜதானியில் நீலகிரி வேட்டைக்கென்று சட்டமே வந்தது; 1912-இல் இந்தியா முழுமைக்கும் ஒன்று வந்தது. வேட்டை கூடாத பருவம் என்று ஒன்றை வகுத்தார்கள். கொம்புள்ள கிடாவையே சுட வேண்டும், பெண்ணை விட்டுவிட வேண்டும் என்பது துரைமாரின் வேட்டை மரபு. தயையா? சுவரில் மாட்டுவதற்குப் பெண்மானுக்குக் கொம்பு இல்லை என்பதும், பெண்ணை விட்டால்தான் அடுத்த வருஷம் சுடுவதற்குக் கிடா கிடைக்கும் என்பதும் கணக்கு. அந்தக் கணக்கினால் விலங்குகள் பிழைத்தது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் வயிற்றுக்காகக் கண்ணி வைத்த ஏழையைக் குற்றவாளியாக்கி, பொழுதுபோக்குக்காகச் சுட்டவனைக் கனவானாக்கியதும் அதே கணக்குத்தான்.

நம் முன்னோர்கள் இதைக் கணக்காகப் பார்க்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் உமறுப் புலவர் பாடிய சீறாப்புராணத்தில், 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என்று ஒரு பகுதி இருக்கிறது. வேடன் ஒருவன் கட்டிப்போட்ட பெண்மான், நபிகள் நாயகத்தைக் கண்டு முறையிடுகிறது. தன்னை விட்டுவிடும்படி அது கேட்கவில்லை. குட்டிக்குப் பாலூட்டிவிட்டுத் திரும்பி வர அனுமதி கேட்கிறது. வேடன் நம்புவானா? நபிகளே மானுக்கு ஜாமீன் நிற்கிறார். மான் போய்ப் பாலூட்டிவிட்டு, இனத்தார் தடுத்தும் கேளாமல் குட்டியோடு திரும்பி வருகிறது. வேடன் மனம் மாறுகிறான். தமிழிலே பெண்மானுக்கும் பிணை என்று பெயர். ஜாமீனுக்கும் பிணை என்று பெயர். பிணைக்குப் பிணை நின்ற கதை இது! மதுரைத் திருவிளையாடலிலோ, பாண்டியன் வேட்டையில் தாய்ப்பன்றி மாண்டுபோக, அதன் பன்னிரண்டு குட்டிகளுக்குச் சிவபெருமானே தாயாக வந்து முலை கொடுக்கிறார். ராஜஸ்தானத்தில் பிஷ்ணோய் வகுப்புப் பெண்கள், தாயிழந்த மான்குட்டிக்குத் தங்கள் குழந்தையோடு குழந்தையாகப் பாலூட்டுவது இன்றும் உண்டு.

ஆனால் எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். புலியும் சிறுத்தையும் இல்லாத இடத்தில் மான் பெருகினால் காட்டின் இளங்கன்றுகளைத் தின்று தீர்த்துவிடும். அந்தமானில் வெள்ளைக்காரர் கொண்டுபோய் விட்ட புள்ளிமான்கள் அங்கே செய்யும் சேதம் பிரசித்தம். அப்படிப்பட்ட இடத்தில் கிடாவைச் சுட்டுப் பயனில்லை. பெண்ணைக் குறைத்தால்தான் தொகை குறையும். ஸ்காட்லாந்தில் செம்மான் இனத்தின் பெண்ணை அக்டோபர் 21 முதல் பிப்ரவரி 15 வரையில் சுடலாம்; குட்டி பாலை நம்பியிருக்கும் மாதங்களில் கூடாது. தாயைச் சுட்டே ஆகவேண்டுமென்றால், பொறுப்புள்ளவர்கள் குட்டியை அநாதையாக விடாமல் அதையும் சேர்த்தே சுடுவார்களாம். இதை நாம் சொன்னதும் நண்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நமக்கும் படிக்கும்போது வயிற்றைப் பிசைந்தது. ஆயினும் நடுநிசியில் அரிக்கன் விளக்கோடு புல்லை விலக்குவதைவிட அது நேர்மையானதோ என்று ஒரு சந்தேகம் எழுந்தது; இன்னும் தீரவில்லை.

கிண்டியிலும் புள்ளிமான் மிகுந்துவிட்டதால் வெளிமானுக்குத் திறந்த புல்வெளி குறைகிறது என்று கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குத் துப்பாக்கி வேண்டாம், புல்வெளியைச் சீர் செய்யுங்கள் என்பதுதான் நம் கட்சி. இங்கே மானைக் கொல்வது தெருநாயும், ஜனங்கள் வீசியெறியும் பிளாஸ்டிக் பையுந்தான். இவற்றுக்குத் தாயென்றும் குட்டியென்றும் பேதமில்லை, சீசனும் இல்லை.

காந்தி மண்டபத்துத் தோட்டத்தை அடைந்தபோது வெயில் தணிந்திருந்தது. வேலிக்கு அப்பால் புதர்கள். வெகுநேரம் ஒன்றையும் காணோம். குழந்தைக்கு அலுத்துவிட்டது. அப்புறம் நண்பர் விரலை உதட்டில் வைத்தார். முப்பது கஜ தூரத்தில் ஒரு பெண் புள்ளிமான் தனியே நின்றது. காதிரண்டையும் நம் பக்கம் திருப்பியிருந்தது. மேயவில்லை. ஒரு காலைத் தூக்கித் தரையில் தட்டிற்று. இடது பக்கத்துப் புதரைப் பார்க்காமல் பார்த்தது.

"குட்டி எங்கே, தாத்தா?" என்று குழந்தை ரகசியமாகக் கேட்டாள்.

"இருக்கும், அம்மா. நாம் நிற்கிற வரையில் அது போகாது. வா" என்றார் நண்பர்.

மூவரும் திரும்பி வாசலை நோக்கி நடந்தோம். குழந்தை இரண்டு தடவை திரும்பிப் பார்க்கப் போனாள். நண்பர் அவள் தலையைத் தம் கையால் மெதுவாக முன்பக்கம் திருப்பிக்கொண்டே வந்தார்.