தகரப் பெட்டியும் அயர்ன் மெய்டனும்

வட்டவளையில் மழை பிடித்தால் லயத்துத் தகரக் கூரையின் இரைச்சலில் பக்கத்திலிருப்பவர் பேசுவதே கேட்காது. அந்த இரைச்சலையும் மீறி நான் கேட்ட சங்கீதம் அயர்ன் மெய்டன் என்று சொன்னால் பத்திரிகை நண்பர்கள் சிரிக்கிறார்கள். தோட்டத்துப் பையனுக்கும் லண்டன் ஹெவி மெட்டலுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் ஒரு கசெட். 1983 ஜூலைக் கலவரத்தில், கொழும்புக் கடையொன்றில் வேலை செய்த பக்கத்துக் காம்பரா அண்ணன் உயிர்தப்பி ஊர் வந்தார். பையில் இரண்டு சாரமும் 'பீஸ் ஒஃப் மைன்ட்' கசெட்டும் இருந்தன. அந்த மே மாதந்தான் வெளியான இசைத்தொகுப்பு. கலவரம் எங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்த ஒரே நல்ல பொருள் அது.

அவருடைய தம்பி என் வகுப்புத் தோழன். இருவருக்கும் வயது 13, ஆங்கிலம் அரைகுறை. ஆனால் 'த ட்ரூப்பர்' பாட்டில் ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் கிற்றார் குதிரைப் பாய்ச்சலில் ஓடுவது விளங்க ஆங்கிலம் எதற்கு? அந்தத் தாளத்தை அவன் வீட்டுத் தகரப் பெட்டியில் விரல்களால் அடிப்பான். திருவிழாவில் தப்படிக்கும் தகப்பனின் பிள்ளை, கை தவறாது.

1984 தொடக்கத்தில் அதே பெட்டியில் துணிமணிகளை அடுக்கிக்கொண்டு அக்குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கென்று எண்ணிவைத்த 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரில் அவர்களும் அடக்கம். அவ்வாண்டிலேயே கப்பலும் நின்றுபோயிற்று. கசெட்டை என்னிடம் கொடுத்தான். போகிற இடத்தில் ரெக்கோர்டர் இருக்குமோ என்னவோ என்றான்.

2007 மார்ச் 17ஆம் திகதி அயர்ன் மெய்டன் முதன்முறையாக இந்தியாவில், பெங்களூர் அரண்மனை மைதானத்தில் பாடியது. நான் கொழும்பிலிருந்து போனேன். கூடலூர்த் தேயிலைத் தோட்டத்திலிருந்து மைசூர் வழியாக அவன் பஸ்ஸில் வந்தான். டிக்கட் விலையைக் கேட்டு எத்தனை நாட்சம்பளம் என்று கணக்குப் பார்த்தான். "இவ்வளவு காசு குடுத்தா மச்சான் இந்தச் சத்தத்தக் கேக்கணும்?"

அவன் அவர்களைக் கேட்டே 23 வருடங்கள் ஆகியிருந்தன. புரூஸ் டிக்கின்சன் 1993இல் விலகியபோது நான் துக்கம் காத்தவன். 1999இல் அவர் திரும்பியபோது கொண்டாடியவன். இவை எதுவும் அவனுக்குத் தெரியாது. புதுப் பாடல்களுக்குச் சுற்றிலும் இளைஞர்கள் குதித்தார்கள். அவன் கைகட்டி நின்றான். வாழ்நாள் ஆசை நிறைவேறும் நேரத்தில் இவனை ஏன் அழைத்தோம் என்று எனக்கு எரிச்சல்கூட வந்தது, மறைப்பானேன்.

பிறகு 'ட்ரூப்பர்' தொடங்கியது. 1854இல் கிரைமியப் போரில் மடிந்த குதிரைப்படையைப் பற்றிய பாட்டு. டிக்கின்சன் சிவப்புப் படையங்கியோடு பிரித்தானியக் கொடியை வீசினார். எங்கள் பூட்டன்மாரைக் கடல் கடத்தி மலையேற்றியவர்களின் கொடியல்லவா என்றொரு நினைப்பு வந்தது. அதற்குள் என் தோளில் விரல்கள் விழுந்தன. அதே பாய்ச்சல், ஓரடி பிசகவில்லை. திரும்பினேன். அவன் மேடையைப் பார்க்கவில்லை, கண்களை மூடியிருந்தான்.

பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்று நிகழ்ச்சி முடியுமுன்பே கிளம்பினான். வாசல்வரை போனேன்.

"அந்தக் கசெட் இருக்கா?"

நாடா சிக்கி அறுந்து எத்தனையோ வருடங்களாகிவிட்டன.

"இருக்குடா" என்றேன்.