வண்டி யார் பேரில்?

அம்மாவின் சித்தி மகளைக் கட்டியவர் எனக்குச் சித்தப்பா. அந்தச் சித்தப்பாவுக்கு அண்ணன் எனக்குப் பெரியப்பா. தமிழில் கணக்கு அவ்வளவுதான். எத்தனை கை தாண்டி வந்தாலும் கடைசியில் ஒரே வார்த்தையில் வந்து நின்றுவிடும். ஆனால் இதே பெரியப்பாவை வருமான வரிச் சட்டத்திடம் காட்டினால், "இவர் உங்களுக்கு உறவே இல்லை" என்று சொல்லிவிடும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் "வாங்கியவரா, விற்றவரா?" என்று மட்டும்தான் கேட்கும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஆர்.சி.யில் இருக்கும் பேர்தான் ஆள். இந்த மூன்று கணக்குக்கும் நடுவில் ஒரு பழைய வேகன்-ஆர் மாட்டிக்கொண்ட கதைதான் இது. படிக்கிற பி.காமுக்கு ஒரு உபயோகம் கிடைத்ததே என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம் :-)

விஷயத்துக்கு வருகிறேன். பெரியப்பா ஊர் மன்னார்குடி பக்கம். பிள்ளைகள் இல்லை. பெரியம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ், தஞ்சாவூர் அரசு மருத்துவமனையில். சிகிச்சைக்குக் காசு இல்லை, போய் வருகிற டாக்ஸிக்குத்தான் காசு. ஒரு தடவைக்கு 1,500 ரூபாய். மாதம் எட்டு தடவை என்றால் 12,000. சொந்தக் கார் என்றால் போக வர எண்பது கிலோமீட்டருக்கு ஐந்து லிட்டர் பெட்ரோல், 500 ரூபாய் சொச்சம். மாதம் எட்டாயிரம் மிச்சம். 2,70,000 ரூபாய்க்கு ஒரு பழைய கார் வாங்கினால், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் போக மூன்று, மூன்றரை வருஷத்தில் போட்ட பணம் திரும்பிவிடும். பிரேக்-ஈவன் கணக்கைப் பரீட்சைக்கு வெளியே நான் போட்டது அதுதான் முதல் தடவை.

பெரியப்பா கொஞ்சம் நிலத்தை விற்றார். "மெட்ராஸ்லதான் நல்ல வண்டி கெடைக்கும், நீங்களே பாத்து வாங்கிடுங்க தம்பி" என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா "பேப்பர் வேலை எல்லாம் நீ பாத்துக்க" என்று என்னிடம் தள்ளிவிட்டார். இது 2025 மார்ச்சில்.

முதலில் ஒரு கன்சல்டன்சியில் பாண்டிச்சேரி நம்பர் வண்டி ஒன்றைக் காட்டினார்கள். வெளி விலையைவிட முப்பதாயிரம் குறைவு. பாண்டிச்சேரியில் வரி குறைவு, அதனால் வண்டியும் மலிவு. ஆனால் அதைத் தமிழ்நாட்டிலேயே வைத்து ஓட்டுவதென்றால், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் போனால் இங்கே புதுப் பதிவு எண் வாங்கியாக வேண்டும். அங்கிருந்து என்.ஓ.சி., இங்கே வண்டியின் வயதுக்குத் தகுந்த ஆயுட்கால வரி என்று வரிசையாக வரும். மிச்சமான முப்பதாயிரம் அதிலேயே கரைந்துவிடும்.

தமிழ்நாட்டுப் பதிவு வண்டி என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஆயுட்கால வரியை முதல் சொந்தக்காரர் ஷோரூமிலிருந்து எடுக்கும்போதே கட்டிவிடுகிறார். பத்து லட்சத்துக்கு உட்பட்ட காருக்கு 2016-ல் அது 10 சதவீதம். 2023 நவம்பரில் அதை ஏற்றி ஐந்து லட்சம் வரை 12, பத்து லட்சம் வரை 13, இருபது லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம் என்று ஆக்கினார்கள். இந்த வரி ஆளோடு போவதில்லை, வண்டியோடு போகிறது. மாநிலத்துக்குள் எத்தனை கை மாறினாலும் மறுபடி கட்ட வேண்டாம். 2031-ல் வண்டிக்குப் பதினைந்து வயசானதும் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் வரும். புதுப்பிப்புக் கட்டணம் முன்பு 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இந்தத் தேதியையும் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கடைசியில் அமைந்தது 2016 மாடல், 998 சி.சி. வேகன்-ஆர். அப்பாவோடு வேலை பார்ப்பவரின் வண்டி. தனி ஆள் தனி ஆளுக்கு விற்பதால் ஜி.எஸ்.டி. இல்லை. பதிவு பெற்ற வியாபாரியிடம் வாங்கியிருந்தால் அவர் தன் லாபத்தின் மேல் 18 சதவீதம் கட்ட வேண்டும் (இந்த மாதிரி சின்ன கார்களுக்கு 2025 ஜனவரி வரை அது 12). அதை யார் தலையில் கட்டுவார் என்று உங்களுக்கே தெரியும்.

இதுவரை எல்லாம் சுமுகம். "ஆர்.சி. யார் பேருக்கு மாத்தறது?" என்று நான் கேட்டபோதுதான் சிக்கல்.

"உங்கப்பா பேர்லயே இருக்கட்டும் பாப்பா" என்றார் பெரியப்பா போனில். "எதுக்கு எம்பேரு? நமக்குள்ள என்ன இருக்கு?"

அப்பாவும் சரி என்றுவிட்டார். மறுத்துச் சொன்னால் பெரியவர் தப்பாக நினைப்பாரோ என்கிற தயக்கம். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அப்பாவிடம் ஒரு பேப்பரில் எழுதிக் காட்டினேன்.

ஒன்று, வருமான வரி. வரியில்லாமல் அன்பளிப்பு வாங்கத்தக்க "உறவினர்" யார் என்று சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. கணவன் மனைவி, உடன்பிறந்தவர்கள், கணவன் அல்லது மனைவியின் உடன்பிறந்தவர்கள், பெற்றோரின் உடன்பிறந்தவர்கள், நேர் வழியில் மேலும் கீழும் உள்ளவர்கள், பிறகு இவர்களின் துணைகள். மற்றவர்களிடமிருந்து ஒரு வருஷத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் பணம் வந்தால் அது முழுதும் வருமானம். பெரியப்பா 2,70,000 அனுப்பி, அப்பா தன் பேரில் கார் வாங்கினால், பார்க்கிறவருக்கு அது என்னவாகத் தெரியும்? இதில் ஒரு வேடிக்கை: காரையே அன்பளிப்பாகக் கொடுத்தால் வரி கிடையாது. வரி விழும் பொருள்களின் பட்டியலில் நகை, பங்கு, ஓவியம் எல்லாம் உண்டு, கார் இல்லை. பணத்துக்குத்தான் வம்பு.

இரண்டு, விபத்து. மோட்டார் வாகனச் சட்டத்தில் (1988) உரிமையாளர் என்றால் பதிவேட்டில் பேர் இருப்பவர். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு இருக்கிறது. 2007-ல் விற்ற கார், கை மாறிக் கை மாறிப் போய், 2009-ல் விபத்தில் ஒரு உயிர் போனது. வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லை. முதலில் விற்றவர் பேர்தான் பதிவேட்டில் இருந்தது. நஷ்ட ஈடு அவர்தான் தர வேண்டும் என்றார்கள். பெரியப்பா ஒரு வருஷம் பாலிசி புதுப்பிக்க மறந்தால் கோர்ட் நோட்டீஸ் எங்கள் வீட்டுக்கு வரும்.

மூன்று, இன்சூரன்ஸ். அப்பா பேரில் ஆர்.சி.யும் பாலிசியும் இருந்து, லைசென்ஸ் உள்ள பெரியப்பா அனுமதியோடு ஓட்டினால் பாலிசி செல்லும், அதில் தப்பில்லை. ஆனால் பாலிசியோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு "உரிமையாளர்-ஓட்டுநருக்கு" மட்டும். தினமும் ஓட்டுகிற பெரியப்பாவுக்கு அதில் ஒரு பைசா இல்லை. மெட்ராஸில் இருக்கிற அப்பாவுக்கு இருக்கிறது!

நான்காவதை எழுதக் கொஞ்சம் யோசித்தேன். அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் கார் எனக்கும் தம்பிக்கும் வாரிசுச் சொத்து. நிலத்தை விற்று வாங்கிய காருக்காகப் பெரியப்பா எங்களிடம் வந்து நிற்க வேண்டியிருக்கும். நாங்கள் கொடுத்துவிடுவோம் என்பது வேறு விஷயம், அவர் கேட்கும் நிலையில் இருக்கவே கூடாது இல்லையா?

அப்பா படித்துவிட்டு, "நீயே பேசு" என்றார்.

பேசினேன். வரி, கோர்ட் எதுவும் பெரியப்பாவிடம் எடுபடவில்லை. "எம்மேல நம்பிக்கை இல்லையா பாப்பா?" என்றார். என்ன சொல்வது? கொஞ்ச நேரம் கழித்து அவரே நிஜக் காரணத்தைச் சொன்னார். பெரியம்மாவுக்கு மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. 2023 செப்டம்பரில் அந்தத் திட்டம் ஆரம்பித்தபோதே, சொந்த உபயோகத்துக்குக் கார் வைத்திருக்கும் குடும்பத்துக்குக் கிடையாது என்று விதி. கார் அவர் பேருக்கு வந்தால் அந்தப் பணம் நின்றுவிடும்.

"மாசம் எட்டாயிரம் மிச்சமாகுதே பெரியப்பா" என்றேன்.

"அது எங்கணக்கு. இது அவ பேருக்கு வர்ற பணம். அவ அக்கவுண்ட்ல அது ஒண்ணுதான் விழுது."

இதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. விதியை எழுதியவர்களுக்குக் கார் என்றால் வசதி. அந்த வீட்டில் கார் என்றால் ஆஸ்பத்திரிக்கான வழி. ஆனால் அதற்காக இன்னொருவர் பேரில் ஒளித்து வைப்பதும் சரியாகப் படவில்லை. "ஓட்டுறது நீங்க. வழியில உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா பெரியம்மாவுக்கு எதுவும் வராது. உங்க பேர்ல இருந்தா பதினஞ்சு லட்சம் வரும்" என்றேன். ரொம்ப நேரம் பேச்சில்லை. "ரெண்டு நாள் டயம் குடு" என்று வைத்துவிட்டார்.

மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். "அவளே சொல்லிட்டா, எம்பேர்லயே மாத்திடச் சொல்லி."

பிறகு நடந்ததை, உங்களில் யாருக்காவது உதவும் என்பதால் வரிசையாகச் சொல்கிறேன். பணத்தைப் பெரியப்பா தன் வங்கிக் கணக்கிலிருந்து நேராக விற்றவர் கணக்குக்கே அனுப்பினார். அப்பா கணக்குக்கு அது வரவே இல்லை. ரொக்கமாகத் தரும் யோசனையும் இருந்தது, ஆனால் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் என்று 2017-லிருந்து சட்டம். வண்டி நம்பரைப் போட்டு, போக்குவரத்து அபராத பாக்கியும் வங்கிக் கடனும் இருக்கிறதா என்று பார்த்தோம். இரண்டு அபராதம் இருந்தது, விற்றவர் கட்டினார். படிவம் 29, 30 இரண்டிலும் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினோம். "தேதி போடாம வெச்சுக்குங்க, அப்புறம் வித்தா ஈசி" என்று ஒரு புரோக்கர் அறிவுரை சொன்னார். மேலே சொன்ன 2009 விபத்து நினைவுக்கு வரட்டும். விற்றவர் 14 நாளிலும், வாங்கியவர் 30 நாளிலும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

பாலிசியில் இன்னும் ஐந்து மாதம் பாக்கி இருந்தது. அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதி வண்டி கை மாறியதும் தானாகவே புது உரிமையாளருக்கு வந்துவிடும். சொந்த வண்டிச் சேதம் அப்படி வராது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பேர் மாற்ற வேண்டும். இன்னொன்று, விற்றவர் சேர்த்து வைத்திருந்த 35 சதவீத நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, வண்டியுடையது இல்லை. பாக்கி மாதங்களுக்கான வித்தியாசத்தை நாங்கள் கட்டினோம், அறுநூறு ரூபாய்க்குள் முடிந்தது. இனி பெரியப்பா முதல் வருஷத்திலிருந்து தன் போனஸைச் சேர்க்க வேண்டும். மூன்றாம் நபர் காப்புக்கு 2022 ஜூன் விகிதப்படி 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், ஜி.எஸ்.டி.யோடு 2,471. அதற்கு மேல் ஒரு சி.சி. தாண்டினாலும் 3,416. இரண்டு சி.சி.யில் தப்பித்தோம் :-)

விபத்துக் காப்புப் படிவத்தைப் போனிலேயே கேட்டுக் கேட்டு நான்தான் நிரப்பினேன். பேர், வயசு, லைசென்ஸ் நம்பர் எல்லாம் கடகடவென்று சொன்னார். "நாமினி?" என்றதும் நின்றுவிட்டார்.

"அவளுக்கப்புறம் நான் தனியா என்ன பண்ணுவேன்னுதான் ஊர்ல எல்லாரும் கேக்குறாங்க. நீ மட்டுந்தான் எனக்கப்புறம் அவ இருப்பான்னு எழுதச் சொல்ற" என்று சிரித்தார். பிறகு பெரியம்மாவின் முழுப் பேரையும், இனிஷியலோடு, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

மே மாதம் ஆர்.சி. அவர் பேரில் வந்துவிட்டது. இப்போது மாதம் முதல் தேதியன்று பெரியப்பா பெரியம்மாவின் வங்கிக் கணக்கில் தானே ஆயிரம் ரூபாய் போடுகிறார்.