முழங்காலும் கைத்தாளமும்



வாலிபர் முகாமைக் குறித்துப் பெற்றோர் சிலர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "ஆயர் ஐயா, பிள்ளைகளை நம் ஆலயத்தில் உட்காரவைப்பதே பெரும்பாடாயிருக்கிறது. வேறு சபைகளுக்கு நீங்களே அழைத்துக்கொண்டு போகலாமா?" நியாயமான கேள்விதான். இந்த வாரத் தியானத்தை அதற்குப் பதிலாகவே எழுதுகிறேன்.

ஸ்ரீரங்கத்தில் ஓர் இல்லத்தில் 24 பிள்ளைகள் மூன்று நாள் தங்கினார்கள். விடியுமுன்பே கோயிலின் ஒலிகள் கேட்கத் தொடங்கிவிடும். அங்கே ஆழ்வார்களின் தமிழ்ப் பாசுரங்கள் வழிவழியாகப் பாடப்பட்டு வருவதையும், காவிரிக்கு அக்கரையில் கத்தோலிக்கத் திருப்பலி 1960கள் வரை லத்தீனில் நடந்ததையும் சொன்னபோது, பிள்ளைகள் வியந்தார்கள். எந்த மொழியில், எந்த முறையில் தொழுவது என்பது நமக்கு மட்டும் உரிய கேள்வியன்று.

முதலில் சென்றது தெப்பக்குளத்தருகே உள்ள கிறிஸ்து ஆலயம். 1766இல் ஸ்வார்ட்ஸ் ஐயர் கட்டியது. அவர் ஜெர்மானியர், லுத்தரன் போதகர், தரங்கம்பாடி மிஷனுக்கு வந்தவர். ஆனால் இங்கிருந்த ஆங்கிலேயப் படையினருக்கு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தின்படி ஆராதனை நடத்தினார். "அப்படியானால் அவர் எந்தச் சபை ஐயா?" என்றான் ஒருவன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்றும் இரு சபையாரும் அவரைத் தம்மவர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

அவரிடம் வளர்ந்தவர்தாம் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். இன்று நாம் "நம்முடையவை" என்று உரிமை கொண்டாடும் கீர்த்தனைகளை ஆலயத்தில் பாடக்கூடாதென்று, பிற்காலத்தில் வந்த மிஷனரிமார் சிலர் தடுத்தார்கள். பண்டிகை நாளில் பூ வைப்பதையும் கண்டித்தார்கள். சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்து எழுதினார். அதே எழுத்தில் சாதி வேற்றுமையையும் காக்க முயன்றார் என்பதையும் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. பாரம்பரியம் என்று நம் கைக்கு வருவதெல்லாம் பொன்னன்று. பதரும் கலந்தே வரும்.

அந்த ஆலயத்தில்தான் பேராயர் ஹீபர் 1826 ஏப்ரல் 3 அன்று காலை தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் திடப்படுத்தல் கொடுத்தார். சில மணி நேரத்துக்குள் குளிக்கையில் மரித்தார். திரித்துவ ஞாயிறுதோறும் நாம் பாடும் "தூய தூய தூயா" அவர் ஆங்கிலத்தில் இயற்றியது. வெளியிலிருந்து வந்த பாட்டு என்று அதை இன்று யார் ஒதுக்குகிறோம்?

மறுநாள் லூர்து அன்னை ஆலயம். மணியொலிக்கு எல்லாரும் ஒருசேர முழந்தாளிட்டபோது நம் பிள்ளைகளும் தயங்கித் தயங்கி முழங்கால்படியிட்டார்கள். நற்கருணைக்கு மக்கள் எழுந்து சென்றார்கள். நம்மவர்கள் பெஞ்சிலேயே இருந்தார்கள். அன்றிரவு ஒரு பெண்பிள்ளை கேட்டாள்: "நாங்க மட்டும் ஏன் ஐயா உட்கார்ந்திருந்தோம்?" அந்தப் பந்தி முழு ஐக்கியத்தின் அடையாளம் என்பது கத்தோலிக்கச் சபையின் போதனை என்று விளக்கினேன். விளக்கம் சரிதான். அவள் முகம் தெளியவில்லை. அது எளிதில் தெளிந்துவிட வேண்டாம் என்றே நினைக்கிறேன். தம்முடையவர்கள் ஒன்றாயிருக்கவேண்டும் என்று ஆண்டவர் தாம் பாடுபட்ட இரவில் ஜெபித்தாரே! அந்த ஜெபம் இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை என்பதை, புத்தகத்தில் அல்ல, ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அவள் அறிந்துகொண்டாள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தபோது, அவர்களுக்கும் இந்த வலி இருந்திருக்கும்.

குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் உள்ள சாந்திவனத்துக்கும் சென்றோம். 1950இல் பிரெஞ்சுக் குருக்கள் இருவர் காவிரிக் கரையில் தொடங்கிய ஆசிரமம் அது. தரையில் அமர்ந்து ஜெபிக்கிறார்கள், ஆரத்தி எடுக்கிறார்கள். ஜெபவேளையில் பிற சமய நூல்களை வாசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதைப் பிள்ளைகளிடமும் சொன்னேன். ஆனால் அங்கு நிலவிய மௌனம்! கைபேசியை விடாத நம் பிள்ளைகள் அரைமணி நேரம் அசையாமல் இருந்தார்கள்.

கடைசி மாலை ஒரு பெந்தெகொஸ்தே சபையில். நம் ஆலயத்தில் உதடு அசைக்காத ஒரு பையன் அங்கே கைதட்டிப் பாடினான். அவன் தாயார் என்னிடம், "அங்கேயே போய்விட்டால்?" என்றார்கள். போகமாட்டான் என்று என்னால் உறுதி கூற முடியாது. பிற கதவுகளை மறைத்து ஒருவனை நிறுத்தினால், அவன் கதவைக் காணும் நாளில் போய்விடுவான். எந்த மலையில் தொழுவது என்று சமாரியப் பெண் கேட்டபோது, ஆண்டவர் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. யூதரின் வழியைத் தெளிவாகச் சொல்லிவிட்டே, மலைகளுக்கு அப்பால் பிதாவிடம் அவளைத் திருப்பினார் (யோவான் 4). அந்தப் பையனிடம் நான் கேட்டது ஒன்றே: நம் ஆராதனையில் உன் வாயை அடைப்பது எது? அவன் சொன்ன பதிலை மூப்பர் குழுவில் வைத்திருக்கிறேன்.

வருகிற ஞாயிறு ஆராதனையைப் பிள்ளைகளே நடத்துகிறார்கள். பாவ அறிக்கைக்குமுன் இரண்டு நிமிட மௌனம் இருக்கும். ஒலிபெருக்கி பழுதென்று யாரும் எழுந்து ஓட வேண்டாம். முழங்கால்படியிட இயலாதவர்கள் அமர்ந்திருக்கலாம். இறுதிக் கீர்த்தனைக்குக் கைத்தாளம் உண்டு. தட்ட மனமில்லாதவர்கள் தட்ட வேண்டியதில்லை. தட்டுகிறவர்களைத் திரும்பிப் பார்க்காதிருந்தால் போதும்.