ஓடுகிற பிள்ளையும் கேமராவின் கண்ணும்

இது கொஞ்சம் நீண்ட பதிவு. பள்ளி விளையாட்டு விழாவில் பிள்ளையைப் படமெடுக்கப் போய் மங்கலான படங்களோடு வீடு திரும்பியவர்கள் பொறுமையாகப் படிக்கலாம். இதையே தொழிலாகச் செய்யும் தம்பிகளும் படிக்கலாம்.

ஓடுபவரின் படம் மங்கலாக வருவதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள். ஒன்று, ஷட்டர் வேகம் போதாமல் கைகால்கள் இழுபட்டுத் தெரிவது. 1/1000 நொடி வைத்தால் இது பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவது, ஃபோகஸ் வேறு இடத்தில் போய் உட்கார்ந்துவிடுவது. எது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. படத்தைப் பெரிதாக்கித் தரையைப் பாருங்கள். ஓடுபவருக்குப் பின்னால் இருக்கும் புல்லும் சுண்ணாம்புக் கோடும் பளிச்சென்று இருந்தால், கேமரா ஆளை விட்டுவிட்டது என்று அர்த்தம். ஷட்டரைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது.

கரும்பலகைக் கணக்காகவே சொல்கிறேன். 100 மீட்டரை 14 நொடியில் ஓடும் மாணவி நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் நகர்கிறாள். சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவில் பட்டனை அழுத்தியதும் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே எழும்பி ஷட்டர் திறக்க, நொடியில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் அவள் 70 செ.மீ. முன்னே வந்துவிடுகிறாள். ஃபுல் ஃபிரேம் கேமரா, 200 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, தூரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், படத்தில் தெளிவாக விழும் பட்டை மொத்தம் 40 செ.மீ. சொச்சம்தான். முன்பக்கம் 20, பின்பக்கம் 20. எழுபது எங்கே, இருபது எங்கே!

ஆகவே அவள் இருக்கும் இடத்துக்கு ஃபோகஸ் செய்து பயனில்லை. வரப்போகும் இடத்துக்குச் செய்ய வேண்டும். கேட்ச் பிடிக்க ஓடும் பையன் பந்து இருக்கும் இடத்தையா நோக்கி ஓடுகிறான்? விழப்போகும் இடத்துக்குத்தானே ஓடுகிறான்! கேமரா செய்வதும் அதேதான். இதற்குத்தான் டிராக்கிங் என்று பெயர்.

லென்ஸின் இரண்டு ஓரங்கள் வழியாக வரும் ஒளியைத் தனித்தனியாகப் பிரித்து, அந்த இரண்டு பிம்பங்களும் எவ்வளவு விலகி இருக்கின்றன என்று கேமரா அளக்கிறது. நம் இரண்டு கண்களும் சேர்ந்து தூரத்தை மதிப்பிடுவதைப் போன்ற வேலை. விலகலைப் பார்த்தாலே லென்ஸை எந்தப் பக்கம், எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று தெரிந்துவிடும். அடுத்தடுத்து அளந்தால் ஆள் வரும் வேகமும் தெரிந்துவிடும். டிஎஸ்எல்ஆரில் ஒரு சிக்கல்: கண்ணாடி மேலே எழும்பிய அந்தக் கணத்தில் ஃபோகஸ் சென்சாருக்கு எதுவும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாக வேண்டும்.

1985-இல் மினோல்டா 7000 வந்த பிறகுதான் எஸ்எல்ஆர் கேமராக்களில் ஆட்டோ ஃபோகஸ் பரவலானது. 1987-இல் கேனான் தன் இஓஎஸ் வரிசையில் மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்தது. 2013-இல் கேனான் 70டி சென்சாரின் ஒவ்வொரு பிக்சலையும் இரண்டாகப் பிரித்து, படம் பிடிக்கும் சென்சாரையே ஃபோகஸ் பார்க்கவும் வைத்தது. 2017-இல் வந்த சோனி ஏ9-இல் கண்ணாடியே கிடையாது. நொடிக்கு 20 படம் எடுத்துக்கொண்டே, நொடிக்கு 60 முறை ஃபோகஸைக் கணக்கிட்டது. இப்போது வரும் கேமராக்கள் ஆளின் உடல், தலை, கண் என்று இனம் பிரித்து அறிந்து பின்தொடர்கின்றன.

இதெல்லாம் இல்லாத காலத்தில் எங்கள் பள்ளி விளையாட்டு விழாவுக்கு ஒரு ஃபிலிம் ரோல்தான், 36 படம். முடிவுக் கோட்டில் ஒருவரை நிற்கவைத்து ஃபோகஸ் செய்துவிட்டு, லென்ஸைத் தொடாமல் காத்திருப்பேன். பிள்ளை கோட்டுக்கு வரும் நொடியில் ஒரே ஒரு க்ளிக். நீளம் தாண்டுதலுக்கு மணல் குழி, உயரம் தாண்டுதலுக்குக் குறுக்குக் கம்பி. ஆள் எங்கே வருவார் என்பது முன்பே தெரிந்த போட்டிகளுக்கு இந்த முறை இன்றைக்கும் கைகொடுக்கும்.

கபடிக்கு இது செல்லாது. 13-க்கு 10 மீட்டர் களம், எதிரே ஏழு பேர், ஒரு ரைடுக்கு 30 நொடி. பாடிப் போகிறவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. சங்கிலி போட்டு நிற்கும் இருவர் குறுக்கே வந்தால் அவன் முகம் மறைந்துவிடும். கேமரா உடனே முன்னால் நிற்பவர்களின் முதுகுக்குத் தாவிவிடும்.

என் பழைய மாணவன் ஒருவன் இந்தத் தொழிலில்தான் இருக்கிறான். பள்ளி விழாக்கள், ஊர்க் கபடிப் போட்டிகள் என்று ஓடிக்கொண்டிருப்பவன். ஒரு போட்டியில் படங்கள் தெளிவில்லை என்று பேசிய பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். வாடிய முகத்தோடு வந்தான். “சார், அம்மா நகையை அடகு வச்சுப் புது கேமரா எடுத்துடலாம்னு இருக்கேன்” என்றான்.

“எடுக்கலாம்டா. அதுக்கு முன்னாடி ரெண்டு சாயங்காலம் இந்த கேமராவோட கிரவுண்டுக்கு வா” என்றேன்.

பயிற்சி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவன் கேமரா எங்கே ஃபோகஸ் செய்வது என்பதைத் தானே தேர்ந்தெடுக்கும் அமைப்பில் இருந்தது. அந்த அமைப்பு பெரும்பாலும் அருகில் இருப்பதைத்தான் பிடிக்கும்; நடுவரின் கால், எல்லைக் கயிறு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவரின் தலை. அதை மாற்றி, நடுவில் சிறு கட்டம் ஒன்றை மட்டும் வைத்தோம். ஒரு முறை பிடித்து நின்றுவிடும் ஃபோகஸை விட்டு, தொடர்ந்து பின்பற்றும் ஃபோகஸுக்கு மாற்றினோம். கேனானில் ஏஐ சர்வோ, நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி என்பார்கள். குறுக்கே யாராவது வந்தால் எவ்வளவு சீக்கிரம் தாவ வேண்டும் என்பதற்கும் ஓர் அளவு இருக்கிறது. கபடிக்கு அதைக் குறைத்து வைத்தோம். கட்டை விரல் படும் பின்பக்கப் பட்டனுக்கு ஃபோகஸ் வேலையைக் கொடுத்தோம். ஆள் மறைந்தால் கட்டை விரலை எடுத்துவிடலாம். ஃபோகஸ் இருந்த இடத்திலேயே நிற்கும்.

வெளிச்சம் இருந்தவரை படங்கள் நன்றாக மாறிவிட்டன. இருட்டி விளக்கு போட்ட பிறகு மறுபடி தடுமாற்றம்தான். அவனிடம் இருந்தது எஃப் 5.6 லென்ஸ். எஃப் 2.8 லென்ஸ் அதைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். மங்கிய வெளிச்சத்தில் ஃபோகஸ் சென்சாருக்கும் அது உதவும். அடுத்த போட்டிக்குப் புது மாதிரி கேமராவையும் எஃப் 2.8 லென்ஸையும் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தான். முதல் நாள் புதுக் கேமராவில் அந்த லென்ஸ், மறுநாள் பழைய கேமராவில் அதே லென்ஸ்.

புதுக் கேமராவைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். நாலு பேர் அமுக்கிய குவியலுக்குள்ளிருந்து தலை நீட்டும் ரைடரின் முகத்தை அது விடாமல் பிடித்தது. பழையதால் அது முடியவில்லை. ஆனால் அவனுக்குப் பணம் தருபவர்கள் கேட்கும் படங்களுக்குப் பழைய கேமராவும் நல்ல லென்ஸுமே போதும் என்பது இரண்டு நாளில் அவனுக்கே தெரிந்துவிட்டது. செகண்ட் ஹேண்டில் லென்ஸ் வாங்கிக்கொண்டான். நகை அம்மாவிடமே இருக்கிறது. கடன் வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள் என்று இளம் தம்பிகளுக்கு நான் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024-இல் வந்த கேனான் ஆர்1, கால்பந்து, கூடைப்பந்து, கைப்பந்து ஆட்டங்களில் பந்தை அடிக்கும் ஆளைத் தானே அடையாளம் கண்டு ஃபோகஸை அவருக்கு மாற்றிவிடும். அறிமுகமானபோது அந்தப் பட்டியலில் கபடி இல்லை. கற்றுக்கொடுத்ததைத்தான் அது பார்க்கும். யாரைப் பார்க்க வேண்டும் என்பது இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

முப்பது ஆண்டுக்கு மேல் விளையாட்டு விழாக்களைப் பார்த்திருக்கிறேன். ஆல்பத்தைத் திறந்தால் முதலாவதாக வந்த பிள்ளைகள் மட்டும்தான் இருப்பார்கள். ஆறாவதாக ஓடி வந்தவளும் அதே வெயிலில், அதே வெறுங்காலில்தான் ஓடினாள். அவள் ஓடியதற்கு வீட்டில் காட்ட ஒரு படம்கூட இருக்காது.

படமெடுக்கும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். முதல் பிள்ளை கோட்டைத் தாண்டியதும் கேமராவை இறக்கிவிடாதீர்கள். பட்டனிலிருந்து விரலை ஒரு கணம் எடுங்கள்; கட்டத்தைப் பின்னால் வருகிறவர்கள் மேல் வையுங்கள்; மறுபடி அழுத்துங்கள். கடைசிப் பிள்ளை வரும் வரை அப்படியே செய்யுங்கள். இப்போது ஃபிலிம் செலவு கிடையாது.